வேலிக்கு ஒரு காவல்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தார் நாவிற் பழகிய பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது நம் முன்னோருக்கிருந்த பற்றை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. எழுதுவினைஞர், ஆசிரியர், வைத்தியர், நில அளவையாளர், புகையிரத நிலைய அதிபர் என்று எத்தனையோ உத்தியோகங்களைத் தேடி நம்மவர் மலாயா வரை கப்பலேறினர். ஆனால் படையையும் பொலிசையும் பற்றிப் பேச்செழுந்தால் மாத்திரம் நம் வீடுகளில் ஒரு மௌனம் வந்து குடிகொள்கின்றது.

சென்ற ஆண்டு வாசிகசாலைத் திண்ணையில் அம்மௌனத்தை நேரிற் கண்டோம். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய இளைஞன் ஒருவன், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அணுகி, “ஐயா, நான் இராணுவப் பொலிசிலை சேர விண்ணப்பிக்கலாமோ? சட்டத்தோடை சேர்ந்த உத்தியோகம் எண்டு சொல்லுகினம்” என்று கேட்டான். பெரியவர் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். “தம்பி, ஓம் எண்டு சொல்லவும் எனக்கு வாய் வரேல்லை; வேண்டாம் எண்டு சொல்லவும் வாய் வரேல்லை” என்றார். பின் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவ்விளைஞனுக்கு மறுமொழி கூறவேண்டிய கடன் நம்மெல்லோருக்கும் உண்டு. சரித்திரத்தைப் புரட்டிப் பாராமல் அக்கடனைத் தீர்க்க இயலாது. ஆதலின் இம்மலரின் சில பக்கங்களை அதற்கென எடுத்துக்கொண்டோம்.

உத்தியோகம் இன்னதெனல்

முதலில் அவன் விரும்பிய உத்தியோகம் இன்னதென்று தெளிதல் வேண்டும். சந்தியிலும் நீதிமன்ற வாயிலிலும் நாம் காணும் பொலிசார் குடிகளிடையே சட்டத்தை நிலைநிறுத்துவோர். இராணுவப் பொலிசாரோ படைக்குள் இருந்துகொண்டு படையினரிடையே சட்டத்தை நிலைநிறுத்துவோர். சொல்லாமல் ஓடிப்போன சிப்பாயைத் தேடிப் பிடித்தல், படையினர்மேல் வரும் முறைப்பாட்டை விசாரித்து வாக்குமூலம் பதிதல், சான்றுப் பொருள்களைக் காத்தல், கைதிகளை இராணுவ நீதிமன்றிற்குக் கொண்டு செல்லல், படை வாகனங்கள் தொடராகச் செல்லும் வீதிகளை ஒழுங்கு செய்தல் ஆகியன அவர்தம் தொழில்.

பிரித்தானியப் படையில் இவ்வேலை மிகப் பழையது. ஆயினும் நிரந்தரமான குதிரைப் பொலிஸ் பிரிவு 1877 இலும், காலாட் பொலிஸ் பிரிவு 1885 இலுமே அங்கு அமைந்தன. இரண்டும் 1926 இல் ஒன்றாயின. 1946 இல் ‘றோயல்’ என்னும் பட்டமும் சேர்ந்தது. சிவப்புறை இட்ட தொப்பி அணிந்தமையால் ‘சிவப்புத் தொப்பிக்காரர்’ என்று சிப்பாய்கள் அவர்களை அழைத்தனர். அழைத்த குரலில் அன்பைவிட அச்சமே மிகுதி. இலங்கைப் படையும் பிரித்தானியரின் அம்முறையையே தழுவியது.

நம் ஊரில் வேலியில்லாத வளவு இல்லை. கிடுகாலும் பனையோலையாலும் காலந் தப்பாமல் வேலியடைக்கின்றோம். வேலி பயிரைக் காக்கும் என்பது நம்பிக்கை. அவ்வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதோ பழமொழியாக வந்த பழந்துயரம். ஆயுதந் தாங்கியவன் நாட்டுக்கு வேலி என்றால், அந்த வேலிக்கும் ஒரு காவல் வேண்டும். இராணுவப் பொலிஸ் என்பது அக்காவலுக்கு இட்ட பெயர்.

மணியும் தேர்ச்சில்லும்

இக்கருத்து மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று இளைஞர் எண்ணவேண்டியதில்லை. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே திருவாரூரின் சிறப்பைக் கூறுமிடத்து மனுநீதிச் சோழன் வரலாற்றை வைத்தார். இளவரசன் தேரிற்பட்டுக் கன்று மாண்டது. தாய்ப்பசு வந்து அரண்மனை வாயில் மணியை அசைத்தது. அரசன் தன் ஒரே மகன் என்றும் பாராது தேர்க்காலில் இட்டான்.

பௌத்த நூலாகிய மகாவம்சம் இதே வரலாற்றை எல்லாளன்மேல் வைத்துக் கூறுகின்றது. சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசுபுரிந்த அவ்வேந்தன் வழக்கிலே நண்பரையும் பகைவரையும் ஒப்ப நோக்கினான் என்று அந்நூலே சொல்லுகின்றது. அவனை வென்ற துட்டகைமுனு, அவன் சமாதியைக் கடந்து செல்வோர் வாத்தியங்களை நிறுத்திச் செல்லவேண்டுமென வகுத்தான் என்றும் அது கூறும். எதிர்ப்பக்கத்தார் எழுதிய நூலிலேயே இடம்பெற்ற புகழ் இது. வீரத்திற்காக மாத்திரம் அப்புகழ் வந்ததன்று. தன் பக்கத்தார் செய்த குற்றத்தைத் தானே தண்டித்தமையால் வந்தது.

இராணுவப் பொலிஸ் உத்தியோகத்தரின் தொழிலும் இதுவே. மணியோசை எழுந்தால் கேட்க வேண்டும். தேரில் வந்தவன் தன் தோழன் என்பதற்காகச் செவியைப் பொத்திக்கொள்ளலாகாது. இவ்வொரு நியதியைக் கையில் வைத்துக்கொண்டு நம் குடாநாட்டுச் சரித்திரத்தை நோக்குவோம்.

கோட்டையும் விதானையும்

1619 இல் நல்லூர் அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் அவ்விடத்திற்கு வந்தனர். ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் எடுப்பித்த கோட்டை பண்ணைக் கடலோரம் இன்றும் நிற்கின்றது. கோட்டைக்குள் அந்நியப் படை. அதற்குத் துணையாக இலஸ்கிரீன் எனப்பட்ட சுதேசப் படையாட்கள். ஊர்களிலே முதலியார், உடையார், விதானையார் என்னும் தலைமைக்காரர். இதுவே அக்காலத்து ஏற்பாடு.

1707 இல் ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் நம் நாட்டு வழமைகளைத் தேசவழமை எனத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு உடன்பட்டனர். முதுசொம், சீதனம், அடைமானம் முதலியவை ஏட்டில் ஏறின. குடிகளுக்குரிய சட்டம் இவ்வாறு குடிகள் அறிய எழுதப்பட்டது. கோட்டைச் சிப்பாய்க்குரிய சட்டமோ கோட்டைச் சுவருக்குள்ளேயே இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில், 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பொலிசை ஒழுங்காக அமைத்தது. 1866 செப்டெம்பர் 3 இல் கம்பெல் துரை அதன் தலைமையை ஏற்றார். எனினும் நம் கிராமங்களில் நெடுங்காலம் அதிகாரத்தின் முகமாக விளங்கியவர் விதானையாரே. வேலிச் சண்டை, ஆட்டுக் களவு, கள்ளுத் தவறணைக் கலகம் யாவும் முதலில் அவர் திண்ணைக்கு வந்தன. 1963 இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது.

விதானையார் நம்முள் ஒருவர். அவர் தவறினால் கோயில் வீதியில் வைத்தே கேட்கலாம் என்ற ஆறுதல் இருந்தது. அதே வேளையில், தம் உற்றார் பக்கமும் சாதியார் பக்கமும் சாய்ந்த விதானைமார் உண்டு என்பதையும் பெரியோர் மறக்கமாட்டார். கேட்க வல்லவனுக்கு நீதியும், கேட்க வலியற்றவனுக்கு மௌனமும் கிடைத்தன. காவலன் நம்மவனாக இருந்தாற் போதும் என்ற எண்ணம் அன்றே பொய்த்துவிட்டது.

நம்மவர் ஏறிய ஆசனங்கள்

1949 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்படி அவ்வாண்டு ஒக்டோபர் 10 இல் இலங்கை இராணுவம் தோன்றியது. சிப்பாய் செய்யத் தகாதன எவை, அவனை விசாரிக்கும் இராணுவ நீதிமன்று எவ்வாறு கூடும், தண்டனை யாது என்பன அதிலே வரையப்பட்டன.

அப்படையின் தளபதியாக 1955 இல் முதன்முதல் ஓர் இலங்கையர் அமர்ந்தார். அவர் ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. ஒக்ஸ்போட்டிற் கற்றுப் பாரிஸ்டராகத் தேறிய அவர் 1959 வரை அப்பதவியில் இருந்தார். சட்டமும் ஆயுதமும் ஒருவரிடத்தே கூடியிருந்தமை நோக்கத்தக்கது. மானிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தவராகிய ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை கடற்படையின் தளபதியாக இருந்தார். 1982 முதல் 1985 வரை உருத்திரா இராஜசிங்கம் பொலிஸ் மா அதிபராக இருந்தார். ஆகவே படையும் பொலிசும் என்றும் நம்மவர் மிதியாத வாயில்கள் என்பது சரித்திரம் அறியாதார் கூற்று.

1956 இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. 1958 மே 27 இல், இனக்கலவரத்தின் நடுவே அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டுப் படை வீதிக்கு இறங்கியது. உயிர் தப்பிய தமிழர் ஆயிரக்கணக்கில் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர். அவ்வேளை தளபதி முத்துக்குமாரு. கட்டுப்பாட்டில் நிற்கும் படை குடிகளைக் காக்கவும் வல்லது என்பதை அந்நாள்கள் காட்டின. மூன்றாண்டுகளின் பின், 1961 பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணம் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரலில் மீண்டும் அவசரகால நிலை வந்தது. அதே படை வடக்கே அனுப்பப்பட்டு அறப்போர் கலைக்கப்பட்டது. தலைவர்கள் பனாகொடை முகாமிற் காவலில் வைக்கப்பட்டனர்.

அதன்பின் சரிவு விரைந்தது. 1981 மே 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் காவலுக்கு நின்ற பொலிசாரே கட்டுக்கடங்காமற் புறப்பட்டனர். 97,000 நூல்களும் ஏடுகளும் கொண்ட பொதுசன நூலகம் சாம்பராயிற்று. 1983 ஆடியிலே தென்னிலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது காவலர் பல இடங்களிற் கைகட்டி நின்றனர். அன்று பொலிஸ் மா அதிபர் ஆசனத்தில் இருந்தவர் ஒரு தமிழர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உச்சியில் ஒருவர் அமர்வதால் மாத்திரம் அடிவரை சட்டம் இறங்கிவிடாது. வீதியில் நிற்கும் சிப்பாயைக் கேட்க, வீதியிலே ஒருவன் வேண்டும்.

கொடிகள் மாறின, வினா மாறவில்லை

பின்னர் குடாநாட்டில் நிலைகொண்ட படைகள் பல. 1987 ஒக்டோபர் 21, தீபாவளித் திருநாள். அன்று இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியுட் புகுந்து சுட்டதில் நோயாளரும் வைத்தியரும் தாதியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்படைக்கும் தனக்கென இராணுவப் பொலிஸ் உண்டு. நெடிய ஒழுங்கு மரபும் உண்டு. இருந்தும் அச்செயலுக்காக எவரும் வழக்கில் நிறுத்தப்படவில்லை. காவல் என்பது ஏட்டில் இருந்தாற் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம்மவர் கையிலிருந்த ஆயுதத்தையும் இதே தராசில் நிறுத்தல் நேர்மை. 1990 ஒக்டோபர் இறுதியில், தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். சோனகத்தெரு வெறிச்சோடியது. மறு ஆண்டில் அவ்வியக்கம் தனக்கெனக் காவற்றுறை ஒன்றை அமைத்தது. களவும் காணிச் சண்டையும் விசாரிக்கப்பட்டன. ஆனால் இயக்கத்தின் மேலேயே முறையிட விரும்பியவனுக்கு எங்கே ஒரு மணி தொங்கியது? அயலவர் கைப்பையோடு நடந்து போனபோது நம்மிற் பலர் வாயடைத்து நின்றோம். அதனை ஒப்புக்கொள்ளாமற் பிறர் குற்றம் பேசும் உரிமை நமக்கு வாராது.

செம்மணி

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் மழையிலும் இருளிலும் தென்மராட்சி நோக்கி நடந்த நடையைப் பெரியோருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. டிசம்பரில் நகரம் படையினர் கைப்பட்டது. மறு ஆண்டு மக்கள் வீடு திரும்பினர். சந்திக்குச் சந்தி காவலரண் நின்றது. படை வாகனத் தொடர் கடந்து போகும்வரை பள்ளிப் பிள்ளைகளும் நோயாளரும் வீதியோரத்திற் காத்து நின்றனர்.

1996 செப்டெம்பர் 7 இல், சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி ஒருத்தி உயர்தர இரசாயனப் பரீட்சை எழுதிவிட்டுக் கைதடியிலுள்ள வீட்டுக்குச் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தாள். செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பவில்லை. அவள் பெயரை இங்கு எழுதவேண்டியதில்லை. குடாநாட்டில் அதனை அறியாதார் இல்லை.

இம்முறை மணியோசை அடங்கவில்லை. உறவினர் முறையிட்டனர். சட்டத்தரணிகளும் மனித உரிமை அமைப்புகளும் விடாது குரல் கொடுத்தனர். இராணுவப் பொலிசார் விசாரணையில் இறங்கினர். ஒரு சீருடையினர் முன் மற்றொரு சீருடையினரின் வாக்குமூலம் பதியப்பட்டது. ஒக்டோபரில் நால்வரின் உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டன. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையைத் தொடர்ந்தது. கொழும்பு மேல் நீதிமன்றிலே மூன்று நீதிபதிகள் முன் வழக்கு நடந்தது. 1998 யூலை 3 இல் குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2004 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 1976 இன் பின் இந்நாட்டில் மரணதண்டனை நிறைவேற்றப்படுவதில்லையாதலின் அது சிறைவாசமாயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். முதலாம் எதிரி நீதிமன்றிலே, செம்மணியில் முந்நூறு நானூறு பேர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று கூறினார். 1999 இல் அகழ்ந்தபோது 15 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றின்மேல் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கால் நூற்றாண்டு கடந்து, 2025 இல், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் கிடைத்தன. சிறுவருடையனவும் அவற்றுள் இருந்தன. ஒரு புத்தகப்பையும் ஒரு பொம்மையும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. யார் அவர், யார் கொன்றார் என்பதை நீதிமன்று தெளியவேண்டும்.

இச்சரித்திரத்திலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. அந்த ஒரு வழக்கிலே படைக்குள்ளிருந்த காவல் விழித்தது. உண்மை இரு மாதத்துக்குள் மண்ணுக்கு மேலே வந்தது. மற்றவற்றில் அக்காவல் உறங்கியது. எலும்புகள் முப்பது ஆண்டு காத்துக் கிடந்தன. விழித்தல் இயலாத காரியமன்று என்பதை அவ்வழக்கே காட்டிவிட்டது. ஆதலின் உறங்கியமைக்கு எவரும் சாட்டுச் சொல்ல இயலாது.

இளைஞருக்கும் பெரியோருக்கும்

இனி அவ்விளைஞனுக்கு. தம்பி, இராணுவப் பொலிசில் சேருபவன் முதலிற் சிப்பாய், பின்னரே பொலிஸ். அதிகாரியாக விரும்புவோருக்குத் தியத்தலாவையிற் பயிற்சி உண்டு. உடல் வலிமை வேண்டும். அது பயிற்சியால் வரும். சட்ட அறிவு வேண்டும். அது படிப்பால் வரும். சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும். அவை பழக்கத்தால் வரும். கண்டதைக் கண்டபடி, நேரமும் இடமும் தவறாமல் எழுதும் திறமை வேண்டும், அதுவும் கைகூடும். ஆனால் ஒரே சட்டியிற் சோறுண்ட தோழனின் பெயரைக் குற்ற அறிக்கையில் எழுதும் துணிவை எந்தப் பயிற்சிக் கூடமும் கொடுக்க இயலாது. அதை வீட்டிலிருந்தும் கோயிலிலிருந்தும் நீ கொண்டு போக வேண்டும். தேர்ச்சில்லின் முன் நின்ற சோழன் அதற்காகவே நமக்குச் சொல்லப்பட்டான்.

அவ்வுத்தியோகத்தில் உனக்கு நண்பர் குறைவர். உள்ளே உன்னைக் காட்டிக்கொடுப்பவன் என்பர். வெளியே, உன் சொந்த ஊரில், அந்தச் சீருடையைக் கண்டு கதவைச் சாத்தும் தாய்மார் இருப்பர். அவர்கள்மேற் குறை கூறாதே. அவர்கள் சாத்துவது உன் முகத்துக்கன்று. தம் பிள்ளை திரும்பி வராத ஒரு நாளுக்கு. இவ்விரண்டையும் தாங்க முடியாதெனின் வேறு வழிகள் உண்டு. சட்டத்தரணியாகலாம், நீதவானாகலாம், புதைகுழியை அகழும்போது எலும்பின் மொழியை வாசிக்கும் சட்ட வைத்தியராகலாம். அனைத்தும் அதே மணியைக் கேட்கும் தொழில்களே.

பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். 1987 இல் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆயினும் தமிழில் முறையிடும் தாயின் சொல்லைத் தமிழிலேயே கேட்டு எழுதுவோர் இல்லாதவிடத்து அச்சட்டம் வெறுங் காகிதம். நம் பிள்ளைகள் அவ்விடங்களுக்குச் செல்லவே கூடாதென்றால், அச்சொல்லை யார் எழுதுவது? செல்லத்தான் வேண்டுமென்று நாம் வற்புறுத்தவும் மாட்டோம். பிள்ளையை இழந்தவர் முன்னிலையில் அப்படிச் சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. கேள்வி கேட்ட இளைஞனை விட்டு எழுந்து போகாதிருத்தலே நாம் வேண்டுவது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவ்வாசிரியரிடம் வாசித்துக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் பேசவில்லை. பின், “சேருறதும் சேராததும் அவன்ரை விருப்பம். மணிச்சத்தம் கேட்டால் ஆற்றை பிள்ளை எண்டு பாராமல் எழும்புவன் எண்டு அவன் எனக்கு முதல் சொல்லட்டும். அவனை நாளைக்கு வரச் சொல்லுங்கோ” என்றார்.